எல்லைச் சாலையில் ஒரு நடுகல்: சங்கர் நாக்கின் வாழ்வும் பணியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்த நிலம். ஆநிரை மீட்கச் சென்று மடிந்தவனுக்கும், ஊரைக் காத்து வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு வணங்கிய மரபு இப்பகுதியில் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் காட்டுகிறது. வட்டெழுத்தில் தமிழ் பொறித்த கற்களும், கன்னட எழுத்துப் பொறித்த கற்களும் இம்மண்ணில் கிடைக்கின்றன. தமிழில் அது நடுகல்; கன்னடத்தில் வீரகல்லு. மொழி வேறு, வணக்கம் ஒன்று. எழுத்துள்ள கல் எதுவாயினும் அது இரண்டு செய்திகளைச் சொல்கிறது: மாண்டவன் யார் என்பது ஒன்று, அவன் என்ன செய்து மாண்டான் என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தி அழிந்துபோன கல்லும் உண்டு. அங்கே வில்லேந்திய உருவம் மட்டும் நிற்கும். ஊரார் பூச்சூட்டுவர், விளக்கேற்றுவர்; எதற்காக என்று கேட்டால் விடை வராது.

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் கால் வைத்தவர்கள் ஒரு முகத்தைப் பார்த்திருப்பர். பெங்களூரின் ஆட்டோக்களிலும் கர்நாடகத்தின் சிற்றூர் ஆட்டோ நிறுத்தங்களிலும் அந்த முகம் ஒட்டப்பட்டிருக்கும், வரையப்பட்டிருக்கும். சுருண்ட முடி, சிறு தாடி, எதையோ உடனே செய்துவிடத் துடிக்கும் கண்கள். அவர் பெயர் சங்கர் நாக். 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று அவருக்கு வயது 35. அவர் மறைந்த பிறகு பிறந்த ஓட்டுநர்களும் இன்று அவர் முகத்தைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு செல்கிறார்கள். இந்த எல்லைச் சாலையில் ஓடும் நடுகல் அது. உருவம் தெளிவாக இருக்கிறது. எல்லைக்கு இப்புறம் உள்ளவர்களுக்கு அதன் எழுத்துத்தான் மங்கிக் கிடக்கிறது. அந்த எழுத்தைப் படித்துக் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழ் இலக்கிய வட்டத்தின் மேடையில் ஒரு கன்னட நடிகரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடை அவருடைய வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது.

வங்கியும் மேடையும்

சங்கர் நாக் 1954ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் பிறந்தார். வட கன்னட மாவட்டத்தில் ஹொன்னாவரை ஒட்டிய பகுதி அவருடைய ஊர். வீட்டில் பேசிய மொழி கொங்கணி. கல்வியும் இளமையும் அன்றைய பம்பாயில். அங்கே வங்கி ஒன்றில் பணியாற்றிக்கொண்டே மராத்தி நாடக மேடையில் இயங்கினார். பின்னாளில் அவருக்கு வாழ்க்கைத் துணையான அருந்ததியைச் சந்தித்ததும் அந்த நாடகச் சூழலில்தான். அண்ணன் அனந்த் நாக் அதற்குள் சியாம் பெனகலின் 'அங்குர்' (1974) வழியாகப் புகழ் பெற்றிருந்தார். ஆக, கொங்கணியில் பேசி, மராத்தியில் நடித்து, கன்னடத்தில் வாழ்வைத் தேடிக்கொண்ட இளைஞர் அவர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும் ஓசூரில் இருப்பவர்களுக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்வது கடினமன்று.

1978இல் கிரீஷ் கர்னாட் 'ஒந்தானொந்து காலதல்லி' என்னும் கன்னடப் படத்தை இயக்கினார். இடைக்காலக் கர்நாடகத்தில், கூலிக்குப் போரிடும் வீரர்களின் கதை அது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் வாள்வீரர் படங்களின் தாக்கம் அதில் உண்டு. அதில் கண்டுகலி என்னும் கூலி வீரனாக நடிக்க மேடையிலிருந்து சங்கர் நாக் அழைத்து வரப்பட்டார். முதல் படத்திலேயே, 1979இல் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24.

இப்படியொரு தொடக்கம் அமைந்த நடிகருக்கு முன்னால் வழக்கமாக இரண்டு பாதைகள் தெரியும். கலைப்பட உலகிலேயே தங்கி, ஆண்டுக்கு ஒரு படம் நடித்து, விழாக்களில் மதிக்கப்படுவது ஒன்று. வணிகப் பட உலகில் நுழைந்து, விழாக்களை மறந்து, செல்வம் சேர்ப்பது மற்றொன்று. சங்கர் நாக் இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில் நடந்தார். அதனால் இரண்டு தரப்பினரின் ஐயத்துக்கும் ஆளானார். அவர் ஏன் அப்படி நடந்தார் என்பதுதான் நடுகல்லில் மங்கிப்போன எழுத்து.

ஆட்டோவின் அரசன்

1980ஆம் ஆண்டு இந்தப் பகுதிக்கு மறக்க முடியாத ஆண்டு. ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி வெளிவந்த ஆண்டு அது. அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலை உருவான காலமும் அதுவே. விதைப்பும் அறுப்பும் கண்டு வாழ்ந்த ஊர்களின் பொழுதை ஆலைச் சங்கு அளக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் 'ஆட்டோ ராஜா' என்ற கன்னடப் படம் வந்தது. ஆட்டோ ஓட்டும் இளைஞனாகச் சங்கர் நாக் நடித்தார். வாடகை வண்டி ஓட்டுபவனைப் பெரும்பாலும் நகைச்சுவைக்கோ துணைப் பாத்திரத்துக்கோ வைத்திருந்த திரையில், அவன் நிமிர்ந்து நின்றான், காதலித்தான், நேர்மையாக வாழ்ந்தான். காக்கிச் சட்டையே நாயகனின் உடையாயிற்று. அதே பெயரில் 1982இல் விஜயகாந்த் நடித்த தமிழ்ப் படத்தை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள்.

நகரம் பெருகும்போது கிராமத்திலிருந்து வரும் இளைஞன் முதலில் பற்றிக்கொள்ளும் தொழில்களில் வண்டி ஓட்டுவதும் ஒன்று. அவனுக்கு ஆலையின் அடையாள அட்டை இல்லை; அலுவலகத்தின் நாற்காலி இல்லை. ஊரையெல்லாம் சுமந்து செல்லும் அவனை ஊர் மதித்ததில்லை. அவனுக்கு ஒரு படம் மதிப்பைத் தந்தது. அந்த நன்றிதான் இன்றும் ஆட்டோவின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. நவம்பர் 9ஆம் நாளை ஆட்டோ ஓட்டுநர்கள் தம் வீட்டு விழாவைப் போலக் கொண்டாடுகிறார்கள்.

அதன்பின் படங்கள் குவிந்தன. ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 80க்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார். சண்டைப் படங்களால் 'கராத்தே கிங்' என்ற பட்டம் வந்தது. 'சாங்கிலியானா', 'சி.பி.ஐ. சங்கர்' போன்ற காவல்துறைப் படங்கள் திரையரங்குகளை நிரப்பின. உண்மையைச் சொல்ல வேண்டுமாயின், இந்த எண்பதில் கணிசமானவை அவசரத்தில் எடுக்கப்பட்ட, நினைவில் நிற்காத படங்கள். அவற்றை இன்று எவரும் இலக்கியத் தகுதிக்காகத் தேடிப் பார்ப்பதில்லை. அவரை மதிப்பவர்கள் இதை மறைக்க வேண்டிய தேவையுமில்லை. அப்படங்கள் ஈட்டித் தந்த பணமும் பெயரும் எங்கே போயின என்று பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கை விளங்கும்.

1980இல் அவர் தாமே இயக்கிய 'மிஞ்சின ஓட்ட' வெளிவந்தது. கார் திருடர்களைப் பற்றிய அப்படம் ஆடம்பரமான காட்சியமைப்பையும் வழக்கமான நாயகத் தோரணையையும் ஒதுக்கிவைத்தது. கர்நாடக அரசின் விருதுகளை அது பெற்றது. 1981இல் 'கீதா' வந்தது. நோயில் மடியும் ஓர் இளம்பெண்ணின் கதை. அதற்கு இசையமைத்தவர் இளையராஜா. அப்படத்தின் மெட்டு ஒன்று 1984இல் 'நூறாவது நாள்' படத்தில் தமிழ்ச் சொற்களை உடுத்திக்கொண்டு வந்தது. இங்கே அதைத் தமிழ்ப் பாட்டென்று முணுமுணுத்தவர்களும், அங்கே கன்னடப் பாட்டென்று முணுமுணுத்தவர்களும் ஒரே மெட்டைத்தான் முணுமுணுத்தார்கள். பண்ணுக்கு எல்லைக்கல் இல்லை.

1985இல் 'ஆக்ஸிடென்ட்' வெளிவந்தது. போதையில் கார் ஓட்டிய அரசியல்வாதியின் மகன், நடைபாதையில் உறங்கிய உழைப்பாளிகள்மீது வண்டியை ஏற்றிக் கொல்கிறான். தந்தையின் அதிகாரம் அந்தக் குற்றத்தை மூடப் பார்க்கிறது. ஒரு பத்திரிகையாளன் அதைத் தோண்டி எடுக்கிறான். பத்திரிகையாளனாகச் சங்கர் நாக்கும், அரசியல்வாதியாக அனந்த் நாக்கும் நடித்தனர். பாட்டில்லாத படம் அது. சமூகச் சிக்கலைப் பேசும் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1987இல் ராஜ்குமாரை வைத்து அவர் இயக்கிய 'ஒந்து முத்தின கதெ', அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் முத்துக் குளிப்பவன் கதையைக் கன்னடக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. அந்த ராஜ்குமாரோ, இன்றைய தமிழ்நாட்டின் தாளவாடி வட்டாரத்தில் உள்ள காஜனூரைத் தம் ஊராகக் கொண்டவர். இந்த நிலத்தில் எதை எடுத்தாலும் எல்லையின் இருபுறமும் வேர் ஓடியிருக்கிறது.

மால்குடியைக் கண்டவர்

தொலைக்காட்சி இந்தியாவில் பெருகத் தொடங்கிய காலம் 1980களின் நடுப்பகுதி. 1984இல் 'ஹம் லோக்' என்னும் தொடர் இந்தி பேசும் வீடுகளைப் பிடித்து உட்கார வைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1986இல் தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகளை டி.எஸ். நரசிம்மன் தயாரிக்க, சங்கர் நாக் இயக்கினார். அவருடைய கைவண்ணத்தில் 39 பகுதிகள் உருவாயின. அப்போது அவருக்கு வயது 32கூட நிறையவில்லை.

மால்குடி என்ற ஊர் வரைபடத்தில் இல்லை. 1935இல் வெளிவந்த முதல் நாவலில் அதை நாராயண் கட்டினார். அவர் 1906இல் சென்னையில் பிறந்தவர், தாய்மொழி தமிழ், நெடுங்காலம் வாழ்ந்த ஊர் மைசூர், எழுதிய மொழி ஆங்கிலம். அவருடைய 'கைடு' நாவல் 1965இல் இந்திப் படமானபோது, கதை நிகழும் களம் வடக்கே கொண்டு செல்லப்பட்டது. அந்த மனக்குறையை அவர் கட்டுரையாகவே எழுதினார். ஊரைப் பிடுங்கினால் கதை வாடிவிடும் என்பது அவர் அனுபவம்.

சங்கர் நாக் ஊரைப் பிடுங்கவில்லை. சிவமொக்கா மாவட்டத்தில், மழை ஓயாத ஆகும்பே என்னும் மலையூரை அவர் கண்டுபிடித்தார். அங்கிருந்த பழைய பெரிய வீடும், தெருவும், திண்ணையும் மால்குடியாயின. அரங்கம் கட்டிப் பொய்யூரை எழுப்பாமல், உண்மையான ஊரிலேயே படப்பிடிப்பை நடத்தினார். அரசாளு என்னும் சிறு ரயில் நிலையம் மால்குடி நிலையமாயிற்று. பின்னாளில் ரயில்வே துறையே அந்த நிலையத்தைப் புதுப்பித்து, அங்கே மால்குடி அருங்காட்சியகம் அமைத்தது. கற்பனை ஊருக்கு உண்மையான ரயில் நிலையம் கிடைத்தது உலக இலக்கியத்திலேயே அரிய நிகழ்வு.

அந்தத் தொடரில் கூடிய கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கதை, தமிழரான நாராயண் ஆங்கிலத்தில் எழுதியது. கோட்டோவியம், அவர் தம்பி ஆர்.கே. லட்சுமண் தீட்டியது. இயக்கியவர், கொங்கணி பேசும் கன்னட நடிகர். சுவாமியாக நடித்த சிறுவன் கர்நாடகத்தின் மாஸ்டர் மஞ்சுநாத்; தந்தையாக நடித்தவர் கிரீஷ் கர்னாட். இசையமைத்தவர் எல். வைத்தியநாதன், 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இசை தந்த அதே வைத்தியநாதன். தொடரைப் பேசிய மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். ஐந்து மொழிகள் ஓர் ஊரைக் கட்டின. தொடரின் முகப்பில் ஒலிக்கும் அந்தச் சிறு இசைத்துணுக்கைக் கேட்டால் இன்றும் நாற்பதைக் கடந்தவர்கள் ஒருகணம் பள்ளிப்பிள்ளைகளாகி விடுகிறார்கள். அந்த இசை எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்று எவரும் கேட்டதில்லை.

கன்னட நடிகரைப் பற்றித் தமிழ் மேடையில் ஏன் பேச வேண்டும் என்ற கேள்விக்கு இதுவே விடை. தமிழர் ஒருவர் கற்பனை செய்த ஊரைக் கண்ணால் காணும்படி செய்தவர் அவர்.

முதலும் வட்டியும்

இனி, ஈட்டிய புகழ் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு வரலாம்.

சங்கர் நாக் மேடையை விடவில்லை. 'சங்கேத்' என்னும் நாடகக் குழுவை நடத்தினார். படப்பிடிப்புகளின் இடைவெளியில் ஒத்திகை நடந்தது. கர்னாட்டின் 'நாகமண்டல' நாடகத்தையும் அவர் மேடையேற்றினார். 'கராத்தே கிங்'கைப் பார்க்க வந்த கூட்டம் நாடகம் பார்த்துத் திரும்பியது.

அடுத்தது ஒலிப்பதிவுக்கூடம். அந்நாளில் கன்னடப் படங்களின் பின்னணி வேலைகள் பலவற்றுக்குச் சென்னைக்குத்தான் வர வேண்டும். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் என்று நீளும் நெடுஞ்சாலைதான் கன்னடத் திரையுலகின் உயிர்க்குழலாக இருந்தது. இந்தச் சார்பு நீங்க வேண்டும் என்று கருதிய நாக் சகோதரர்கள் பெங்களூரிலேயே 'சங்கேத் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினர். சென்னைமீது பகை கொண்டு செய்த செயல் அன்று இது. தம் வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டவன் அண்டை வீட்டை வெறுத்தவன் ஆகமாட்டான். இளையராஜாவும் வைத்தியநாதனும் அவர் படங்களில் பணியாற்றியதே அதற்குச் சான்று.

இவை தவிர, பெங்களூர் நகரைப் பற்றியும் அவர் ஓயாமல் சிந்தித்தார். நகரம் நெரிசலில் திணறப்போகிறது, மெட்ரோ ரயில் வேண்டும் என்று 1980களிலேயே வாதாடினார். நந்தி மலைக்குக் கயிற்றுவழி, ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு என்று திட்டங்களை எடுத்துக்கொண்டு அலுவலகங்களின் படியேறினார். ஒரு நடிகருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பர். பெங்களூரில் முதல் மெட்ரோ ஓடியது 2011ஆம் ஆண்டு அக்டோபரில். அவர் மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பின். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த மெட்ரோ பொம்மசந்திராவரை வந்து சேர்ந்தது. அத்திப்பள்ளி எல்லைக்கு அது வெகு தொலைவு அன்று. ஓசூரிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் இன்று அதில் ஏறுகிறார்கள்.

புகழ் என்பது கவிஞர்கள் நன்கறிந்த பொருள். தமிழ்ப் புலவர்கள் அதைப் பாடாத காலமில்லை. புகழைச் சேமிப்பவர்கள் உண்டு, செலவழிப்பவர்கள் உண்டு. அதை முதலாக இட்டுப் பிறர்க்கு உதவும் தொழில் தொடங்கியவர்கள் மிகச் சிலர். சங்கர் நாக் அந்தச் சிலரில் ஒருவர். வணிகப் படம் தந்த பெயரும் பொருளும் நாடகமாயின, ஒலிப்பதிவுக்கூடமாயின, யாரும் கேட்கத் தயாராக இல்லாத திட்டங்களாயின. இதுதான் அவர் செய்த செயல். கல்லில் மங்கிய எழுத்து இதுவே.

ஆனகோடு

1990 செப்டம்பர் 30. படப்பிடிப்புக்காக வடகர்நாடகம் நோக்கிக் காரில் சென்றுகொண்டிருந்தார். தாவணகெரேக்கு அருகில் ஆனகோடு என்னும் இடத்தில் நெடுஞ்சாலை விபத்தில் சங்கர் நாக் உயிரிழந்தார். உடன் சென்ற மனைவி அருந்ததியும் மகளும் உயிர் பிழைத்தனர். சாலையில் சாகும் எளியவர்களுக்காகப் படமெடுத்தவரைச் சாலையே எடுத்துக்கொண்டது.

இதில் ஊழின் கையைத் தேடுவோர் தேடலாம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் வாழ்பவர்கள் வேறொன்றையும் அறிவார்கள். இரவெல்லாம் ஓடும் லாரிகள், உறக்கமில்லாத ஓட்டுநர்கள், விடிவதற்குள் அடுத்த ஊரை எட்டிவிட வேண்டும் என்ற அவசரம் ஆகியவை தொழிற்பகுதியின் அன்றாடம். ஒரே நாளில் மூன்று நாள் வேலையைச் செய்ய விரும்பிய மனிதரும் அந்த அவசரத்தின் பயணிதான். வேகம் அவருடைய பெருமை. அதுவே அவருடைய குறையுமாக இருந்தது எனலாம். வேலைக்கு நேரம் போதவில்லை என்று எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவருக்கு உண்மையிலேயே நேரம் போதாமற்போயிற்று.

அடுத்த ஆண்டு, 1991 டிசம்பரில், காவிரிச் சிக்கலை ஒட்டிக் கர்நாடகத்தில் கலவரம் வெடித்தது. தமிழ்க் குடும்பங்கள் உடைமைகளை விட்டு எல்லை கடந்து வந்தன. 2016 செப்டம்பரில் மீண்டும் அதே தீ. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே கடந்தார்கள். அந்த வேளையிலும் அத்திப்பள்ளி ஆட்டோக்களில் மால்குடியை எடுத்தவரின் முகம் இருந்தது. எழுத்து மங்கிய கல் கலவரத்தைத் தடுக்காது. அந்த முகத்துக்குரியவர் தமிழரோடும் மராத்தியரோடும் கைகோத்து என்ன செய்தார் என்பது இருபுறமும் நினைவில் இருந்திருந்தால், ஒரு கல்லாவது கீழே போடப்பட்டிருக்கும் என்று நம்ப இடமுண்டு.

ரங்க சங்கரா

சங்கர் நாக்கின் கதை ஆனகோட்டில் முடியவில்லை என்பதே அதன் சிறப்பு. பெங்களூரில் நாடகத்துக்கென்றே நல்ல அரங்கு ஒன்று வேண்டும் என்பது அவருடைய கனவு. மிகக் குறைந்த வாடகையில், எந்த மொழிக் குழுவும் மேடையேறக்கூடிய அரங்கு. அவர் இறந்தபின், விபத்தின் காயங்களிலிருந்து மீண்ட அருந்ததி நாக் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 'மின்சாரக் கனவு' படத்தில் கன்னியர் மடத் தலைவியாக வந்தவரென்று தமிழர்கள் அவரை அறிவார்கள். அரசு இடம் தந்தது. அதில் கட்டடம் எழுப்பப் பணம் திரட்டியாக வேண்டும். பல ஆண்டுகள் நாடகக் கலைஞர்களும் அன்பர்களும் உடனிருந்தனர். 2004ஆம் ஆண்டு, பெங்களூர் ஜே.பி. நகரில் 'ரங்க சங்கரா' திறக்கப்பட்டது. அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அந்த அரங்கில் வாரத்தில் ஒரு நாள் நீங்கலாக ஏறக்குறைய எல்லா நாள்களிலும் நாடகம் நடக்க வேண்டும் என்பது கொள்கை. குறித்த நேரத்தில் கதவு அடைக்கப்படும். அமைச்சரே தாமதமாக வந்தாலும் திறக்காது. கன்னடம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று பல மொழி நாடகங்கள் அந்த ஒரே மேடையில் ஏறுகின்றன. ஆட்டோவில் ஒட்டிய முகம் மக்களின் அன்புக்கு அடையாளம். ரங்க சங்கராவின் மேடை அவருடைய வேலைக்கு அடையாளம். முகத்தை ஒட்ட ஒரு நாள் போதும். மேடையை எழுப்ப 14 ஆண்டுகள் ஆயின. இரண்டும் வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது நெடுநாள் பொருள் தராது.

இவ்வட்டத்தின் முன்னுள்ள பணி

சங்கர் நாக்கின் திரைவாழ்வு 12 ஆண்டுகள். இவ்வட்டத்தின் வயது 10. இந்த ஒப்பீடு பெருமைக்காகவோ சிறுமைக்காகவோ சொல்லப்படவில்லை. பத்தாண்டு என்பது ஒரு மனிதர் எவ்வளவு செய்துவிட முடியும் என்பதற்கான அளவுகோல். அதே பத்தாண்டு, ஓர் அமைப்பு தன் வேலையை யாரிடம் ஒப்படைக்கப்போகிறது என்று எண்ணத் தொடங்க வேண்டிய எல்லையும் ஆகும்.

ஆலைகளின் ஊரில் கவிதை பேசுவது எளிய செயலன்று. மூன்று பணிமுறைகளில் உழைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தை விட்டுவிட்டு வந்து அமர்கிறார்கள். அவர்களில் பலர் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்கள். இந்த மும்மொழித் திறன் தஞ்சையிலும் மதுரையிலும் உள்ள இலக்கிய அமைப்புகளுக்கு வாய்க்காத செல்வம். கர்னாட்டின் 'நாகமண்டல' நாடகத்தையும் பைரப்பாவின் 'பர்வ' நாவலையும் தமிழுக்குக் கொண்டுவந்த பாவண்ணன், கர்நாடகத்தில் பணியாற்றிக்கொண்டே அதைச் செய்தார். தெருவில் கேட்டுப் பழகிய மொழியிலிருந்து இலக்கியத்தை அள்ளிக்கொடுத்தார். அத்தகைய பணிக்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் எது?

ஆண்டுக்கு ஒரு கன்னட நாடகமோ, பத்துக் கவிதைகளோ நேரடியாகத் தமிழுக்கு வந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு தமிழ்க் கவிஞர் அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள மேடையில் கன்னட மொழிபெயர்ப்போடு வாசித்தால் போதும். பத்தாண்டுகளில் அது ஒரு நூலகமாகும். காவிரியில் நீர் குறையும் ஆண்டுகளில் அந்த நூலகம் தாகத்தைத் தீர்க்காது. எதிர்ப்புறம் நிற்பவனுக்கு ஒரு பெயரும், அவன் செய்த ஒரு நற்செயலும் நினைவுக்கு வர அது உதவும்.

கல் நடுபவர்களும் கல்லில் எழுதுபவர்களும் வேறு வேறு ஆட்கள். ஆட்டோ ஓட்டுநர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கல்லைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கிறார்கள். எழுத வேண்டியவர்கள் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.